ஜெர்மன்ல வினைச்சொல் எங்கே உட்காரும்? தமிழ்ல யோசிச்சா ஈஸி!

கல்பாக்கம் பக்கத்துல இருக்கிற சதுரங்கப்பட்டினம் டச்சுக் கோட்டைக்குப் போனா, எழுத்து செதுக்கின பழைய கல்லறைகளைப் பார்க்கலாம். டச்சுக்காரங்க கல்லறைகள்ல வழக்கமா எழுதுற தொடக்கம், 'ஹியர் லெய்ட் பெக்ராவன்'. அதாவது, 'இங்கே கிடக்கிறார் புதைக்கப்பட்டு'. வினைச்சொல் ரெண்டாவது இடத்துல இருக்கு பாருங்க! டச்சுக்கு நெருங்கிய சொந்தமான ஜெர்மன்லயும் இதே விதிதான்.

நர்ஸ் வேலை, மேற்படிப்புன்னு ஜெர்மனிக்குக் கிளம்புறவங்க முதல்ல எழுதுறது ஏ1 தேர்வு. பலரும் அங்கே தடுமாறுறது வார்த்தை வரிசையிலதான். மூணே விதிகளைப் பிடிச்சுக்கோங்க.

1. வினை ரெண்டாவது இடம்

'இஷ் ட்ரிங்கே டே' என்றால் 'நான் டீ குடிக்கிறேன்'. 'ட்ரிங்கே'தான் வினை. 'இன்னிக்கு' என்பதை முன்னாடி கொண்டுவந்தா, 'ஹொய்டே ட்ரிங்கே இஷ் டே'. வினை நகரல, 'இஷ்'தான் பின்னால போச்சு. இங்கிலீஷ் பழக்கத்துல 'ஹொய்டே இஷ் ட்ரிங்கே'ன்னு சொன்னா தப்பு.

கவனிங்க, ரெண்டாவது இடம்னா ரெண்டாவது சொல் இல்லை. 'அம் மோர்கன்' (காலையில்) ரெண்டு சொல்லா இருந்தாலும் ஒரே இடம்தான். அதனால, 'அம் மோர்கன் ட்ரிங்கே இஷ் டே'.

2. ரெண்டு வினை வந்தா, ஒண்ணு கடைசிக்கு

'இஷ் வில் ஹொய்டே டே ட்ரிங்கென்': 'நான் இன்னிக்கு டீ குடிக்க விரும்புறேன்'. இந்த 'வில்' இங்கிலீஷ் 'வில்' இல்லை, 'விரும்புறேன்'னு அர்த்தம். அது ரெண்டாவது இடத்துல நிக்கும். 'குடிக்க' கடைசிக்குப் போயிடும்.

3. 'வைல்' வந்தா தமிழேதான்

'வைல்' என்றால் 'ஏன்னா'. அது வந்ததும் வினை முழுக்கக் கடைசிக்குப் போயிடும்: 'வைல் இஷ் ஹொய்டே டே ட்ரிங்கென் வில்'. இப்போ சொல்லுக்குச் சொல் தமிழ்ல வெச்சுப் பாருங்க: 'ஏன்னா நான் இன்னிக்கு டீ குடிக்க விரும்புறேன்'. ஒரு சொல்கூட இடம் மாறல!

இங்கிலீஷ் மட்டுமே தெரிஞ்சவங்க இந்த மூணாவது விதியிலதான் திணறுவாங்க. நமக்கு அது தாய்மொழிப் பழக்கம். அதனால ஜெர்மன் வாக்கியத்தை இங்கிலீஷ் வழியா மாத்தாதீங்க. தினமும் அஞ்சு 'ஏன்னா' வாக்கியத்தைத் தமிழ்ல எழுதி, அதே வரிசையில ஜெர்மன் சொற்களை வெச்சுப் பழகுங்க. முதல் விதிக்கு மட்டும் தனியா பயிற்சி எடுங்க. தமிழ் கைகொடுக்காத இடம் அதுதான்.