சினிமா இல்லாம ஹிட்டான ஆல்பம்! சொந்த மெட்டு போடுறவங்க கவனத்துக்கு...

ராயகிரி:
ராயகிரி, சிவகிரி வட்டாரத்தில் கோவில் கொடைக்கு மெல்லிசை கச்சேரி வைத்தால் பாட்டுன்னா சினிமா பாட்டுதான். சொந்தமா மெட்டு போடும் இளைஞர்களுக்கு, ‘நம்ம பாட்டை யார் கேட்பா?’ என்ற தயக்கம்.

படமே இல்லாமல் முதல் ஆல்பத்திலேயே கலக்கிய தமிழ் குழு உண்டு. மலேசியாவை சேர்ந்த யோகி பி, டாக்டர் பர்ன், எம்சி ஜெஸ் ஆகிய 3 பேரின் ‘யோகி பி அண்ட் நட்சத்ரா’ குழு 2006-ல் ‘வல்லவன்’ என்ற ராப் ஆல்பத்தை வெளியிட்டது. அதில் பட்டிதொட்டி எல்லாம் ஒலித்தது ‘மடை திறந்து’. இது 1980-ல் வந்த ‘நிழல்கள்’ படத்துக்கு இளையராஜா போட்ட பாட்டின் மறுவடிவம். ஆக, சினிமாவுக்கு வெளியே வந்த ஆல்பத்துக்கும் சினிமா மெட்டுதான் கை கொடுத்தது! மறு வருஷமே ‘பொல்லாதவன்’ படத்தில் யோகி பி பாடினார்.

இப்போது செல்போனில் பதிவு செய்து யூடியூப்பில் ஏற்றிவிடலாம். சிக்கல் உரிமையில்தான். அடுத்தவர் மெட்டை எடுத்தால் அனுமதி வாங்கணும். சொந்த மெட்டு என்றால் போட்டவருக்கே காப்புரிமை. அவர் இறந்த பிறகும் 60 ஆண்டு வாரிசுகளுக்கு உண்டு.

குழுவாக பாடுபவர்கள் மெட்டு யாருடையது, வரிகள் யாருடையது என்று ஆல்பம் வெளிவரும் முன்பே எழுதி கையெழுத்து போட்டுக்கொள்வது நல்லது. ஹிட்டான பிறகு பேசினால் சண்டைதான்.

காப்புரிமையை பதிவு செய்வது கட்டாயம் இல்லை. ஆனால் கோர்ட்டுக்கு போனால் அந்த சான்று உதவும். மத்திய அரசின் காப்புரிமை அலுவலக இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். கட்டணம் ஒரு மெட்டுக்கு ரூ.500, ஒலிப்பதிவுக்கு ரூ.2 ஆயிரம்.