கோயில் இல்லாத காற்று

கிரேக்கர்களின் வடகாற்றுக்குப் போரியாஸ் என்று பெயர். இறக்கை முளைத்த தேவன். ஏதென்சு அரசனின் மகளைத் தூக்கிச் சென்று மணந்துகொண்டவன். கி.மு. 480இல் பாரசீகக் கப்பற்படை புயலில் சிதறியபோது, தங்கள் மருமகன்தான் காப்பாற்றினான் என்று ஏதென்சு மக்கள் நம்பி, இலிசோஸ் ஆற்றங்கரையில் அவனுக்குக் கோயில் கட்டினார்கள் என்கிறார் ஹெரோடோட்டஸ். ரிக் வேதத்தின் வாயுவும் தேரேறி வருகிற தேவன்தான். சங்கத் தமிழும் திசைக்கொரு காற்றை அறிந்திருந்தது: தெற்கே தென்றல், வடக்கே வாடை, கிழக்கே கொண்டல், மேற்கே கோடை. ஆனால் இந்த நால்வருக்கும் பிறப்புக் கதை கிடையாது, மனைவி மக்கள் கிடையாது. மாயோன், சேயோன், வேந்தன், வருணன் என்று நிலத்துக்கொரு தெய்வம் சொன்ன தொல்காப்பியர் காற்றுக்கென ஒரு தெய்வத்தைச் சொல்லவில்லை. இதைக் கற்பனை வறட்சி என்று எண்ணத் தேவையில்லை. காற்றுக்கு முகம் வரையாமல் விட்டதால்தான், அது நிலத்தின் மீது என்ன செய்கிறது என்பதை நம் புலவர்கள் அவ்வளவு நுட்பமாகப் பார்த்தார்கள் என்பது என் கருத்து.

நக்கீரரின் நெடுநல்வாடையைப் பாருங்கள். 188 அடிகள் கொண்ட அந்தப் பாட்டில் வாடை ஓரிடத்திலும் பேசுவதில்லை. ஆனால் அது தொடாத உயிரில்லை. வெள்ளத்துக்கு அஞ்சி மேட்டு நிலத்துக்கு மாடுகளை ஓட்டிவந்த கோவலர் தீ மூட்டிக் குளிர்காய்ந்து நடுங்குகிறார்கள். பசு தன் கன்றையே உதைத்துத் தள்ளுகிறது. வெயில் தெரியாததால் பொழுது புரியாத நகரப் பெண்கள், பிச்சி மொட்டு விரிவதைக் கொண்டு மாலை வந்ததை அறிகிறார்கள். கடைசியில் போர்ப் பாசறை. நள்ளிரவில் காயம்பட்ட வீரர்களைப் பார்க்க அரசன் வருகிறான். அங்கே எரியும் விளக்குகளின் சுடர் தெற்கு நோக்கிச் சாய்ந்திருக்கிறது. வீசுவது வடகாற்று என்பதால் சுடர் தெற்கே சாய்கிறது. அரசனின் துயரத்தைச் சொல்ல வந்த இடத்திலும் திசை பிசகவில்லை. கபிலர் அகநானூற்றில் (82) காட்டும் கோடையும் இப்படித்தான்: வண்டு துளைத்த மூங்கிலின் ஓட்டைகளில் அது புகும்போது புல்லாங்குழல் ஒலிக்கிறது. இசைத்தது கந்தர்வன் அல்லன். வண்டு, மூங்கில், மேல்காற்று மூன்றும் கூடிச் செய்த வேலை. கரிகாலனின் முன்னோரைப் புறநானூறு (66) புகழ்வதும் காற்றை வணங்கியதற்காக அல்ல, கடலில் கலம் ஓட்ட அதைப் பயன்படுத்திக்கொண்டதற்காக. பருவத்துக்குப் பருவம் திசை மாறும் காற்றை நம்பி உழவும் கடலோட்டமும் நடந்த நாட்டில் இந்தக் கூர்மை இயல்பானது.

பிரிவில் வாடும் தலைவி வாடையிடம் நேரே பேசுகிறாளே, அது உருவம் கொடுப்பதாகாதா என்று கேட்கலாம். அவள் பேசுவது உண்மைதான். ஆனால் நெஞ்சிடமும் கடலிடமும்கூட அவள் அப்படித்தான் பேசுகிறாள். அது துன்பத்தின் பேச்சு, வழிபாடு அல்ல. இதைவிட வலுவான மறுப்பு திருக்காளத்தி. வாயுத்தலம் என்றே பெயர்பெற்ற அக்கோயிலின் கருவறையில் விளக்கு அசைவதைக் காற்றின் அடையாளமாகப் பக்தர்கள் காண்கிறார்கள். அங்கே வணங்கப்படுபவர் சிவன். காற்று அவருடைய ஐம்பூத வடிவங்களில் ஒன்று. அந்தக் காற்றுக்குத் திசை இல்லை, பருவம் இல்லை. நக்கீரரின் விளக்கையும் காளத்தி விளக்கையும் அடுத்தடுத்து நினைத்தால் வேறுபாடு விளங்கும்: ஒன்று ஐப்பசி கார்த்திகைக் குளிரில் ஆடுகிறது, மற்றது காலம் கடந்து ஆடுகிறது. பின்னாளில் தென்றல் மன்மதனின் தேரானதும், கம்பனில் அனுமன் காற்றின் மைந்தனாக எழுந்ததும் பெரும் செல்வங்கள்தாம். ஆனால் அனுமனைப் படிக்கும்போது நாம் வீரத்தை உணர்கிறோம். தோலில் குளிர் படுவதில்லை.

இரண்டு மரபும் சந்திக்கும் இடம் பாரதியின் ‘காற்று’ என்ற வசன கவிதை. வேதத்தின் வாயுவை அவர் மனமார வணங்குகிறார், அவனை ஒளிவடிவாகத் தோன்றவும் வைக்கிறார். இது என் வாதத்தைக் குலைப்பதாகத் தோன்றலாம். ஆனால் தேவன் வருவதற்கு முன்னால் பாரதி நமக்குக் காட்டுவது பந்தலில் தொங்கும் இரண்டு துண்டுக் கயிறுகளை. கந்தன், வள்ளியம்மை என்று அவற்றுக்குப் பெயரும் வைத்து, அவை அசைவதையும் விலகுவதையும் தழுவுவதையும் ஓய்வதையும் வரிவரியாகக் கவனிக்கிறார். மந்திரம் வடமொழியிலிருந்து வந்தது. கயிற்றைப் பார்த்த கண் நக்கீரருடையது.