காத்திருப்பும் சேவையே

பிறருடைய உழைப்பைப் பெற்றுக்கொள்வது எளிது. அதற்கு ஈடாகக் கொடுத்த வாக்கைக் காப்பதே அரிது. தனி மனிதன் வாக்குத் தவறினால் சர்க்காரிடம் முறையிடலாம். சர்க்காரே கை விரித்தால் ஏழைச் சிப்பாய் யாரிடம் முறையிடுவான்?

புதுக்கோட்டைச் சீமையில் குன்றாண்டார்கோவிலைச் சுற்றியுள்ள கிராமங்கள் வானம் பார்த்த பூமி. கண்மாய் நிறையாத ஆண்டில் வாலிபர்கள் பிழைப்புத் தேடி வெளியேறுவர். அவர்களுள் ஒருவன் 1970-இல் இந்தியக் கப்பற்படையில் சேர்ந்தான் என்று வைத்துக்கொள்வோம். அக்காலத்து ஏற்பாட்டின்படி பத்து ஆண்டு கடற்சேவை. அதன்பின், தேவைப்படின், பத்து ஆண்டு ரிசர்வ் சேவை. ரிசர்வில் இருப்பவன் ஊரில் ஏர் பிடிக்கலாம். அழைப்பு வந்தால் ஏரைப் போட்டுவிட்டு ஓட வேண்டும். இரண்டு பத்தும் நிறைந்தால் ரிசர்வ் பென்ஷன் உண்டு. தரைப்படையிலும் நேர்ச்சேவையும் ரிசர்வ் சேவையும் சேர்ந்து 15 ஆண்டு நிறைந்தவர்களுக்கு இத்தகைய பென்ஷன் விதிக்கப்பட்டிருந்தது.

ஆனால், 1976 ஜூலை 3 முதல் மாலுமிகளை ரிசர்வுக்கு அனுப்புவதை சர்க்கார் நிறுத்திவிட்டது. 1980-இல் வெளிவந்த நம் மாலுமியின் கதி என்ன? நேர்ச்சேவைப் பென்ஷனுக்கு 15 ஆண்டு வேண்டும். அவனிடம் இருப்பதோ பத்து. ரிசர்வ் பென்ஷனுக்கு இன்னும் பத்து வேண்டும். அந்தக் கதவோ அடைபட்டது. அடைத்தவன் அவனல்லன்.

இவ்விவகாரம் டி. எஸ். தாஸ் வழக்காக சுப்ரீம் கோர்ட்டை எட்டி, 2016 அக்டோபர் 27-இல் தீர்ப்பாயிற்று. ‘தேவைப்படின்’ என்ற சொல் இருப்பதால், ரிசர்வில் சேர்க்கப்படாதவர் ரிசர்வ் பென்ஷனை உரிமையாகக் கோர முடியாது என்றது நீதிமன்றம். அதோடு நிற்காமல், கப்பற்படைப் பென்ஷன் விதிகளின் 95-ஆம் விதிப்படி, உரிய நிபந்தனைகளுக்குட்பட்டு, விசேஷப் பென்ஷன் பெற அவர்களுக்கு வழி திறந்தது. ஷரத்தின் எழுத்தையும் காத்து நியாயத்தையும் காத்த தீர்ப்பு என்றே நாம் கருதுகிறோம். எனினும், 1976-க்கும் 2016-க்கும் இடையே 40 ஆண்டுகள் கடந்துவிட்டன. வாலிபனாய்ச் சென்றவன் கிழவனான பின் வந்த நியாயம் அது.

படையின் அமைப்பை மாற்ற சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. அதை நாம் மறுக்கவில்லை. மாற்றத்தின் நஷ்டத்தைச் சிப்பாயின் தலையில் சுமத்துவது மட்டும் தருமமாகாது. சேர்ந்தவர் யார், வெளியேறியவர் யார் என்ற பதிவேடுகள் சர்க்காரின் கையில் உள்ளன. விண்ணப்பம் வரட்டும் என்று வீற்றிராமல், முன்னாள் படைவீரர் நல அலுவலகங்களின் வாயிலாக அம்முதியவர்களையும் அவர்தம் விதவைகளையும் தேடிச் சென்று உரியதை அளிப்பதே முறை.

2022-இல் வகுக்கப்பட்ட அக்னிபாத் திட்டத்தில் நான்கு ஆண்டுச் சேவைக்குப் பென்ஷன் இல்லை என்று தொடக்கத்திலேயே சொல்லப்பட்டது. அது சரியா, தவறா என்பது வேறு விவாதம். ஆனால் கையொப்பமிடுமுன் ஒவ்வொரு ஷரத்தும் தாய்மொழியில் விளக்கப்பட வேண்டும். இட்டபின் அது மாறலாகாது. ‘தேவைப்படின்’ என்ற ஒரு சொல்லுக்காக இன்னொரு தலைமுறை கோர்ட்டு வாசலில் காத்திருக்கும்படி விடலாகாது.