லாரியில் ஒரு குடித்தனம்!

பிள்ளைகளை மாமியாரிடம் விட்டுவிட்டு, என் கணவர் ஓட்டும் லாரியில் நாமக்கல்லிலிருந்து நாக்பூர் வரை போய் வந்தேன். லோடு, ஜவ்வரிசி. மகாராஷ்டிராவில் விரத நாளில் அதில்தான் கிச்சடி செய்வாங்களாம்!

டிரைவர் சீட்டுக்குப் பின்னால் உள்ள பலகைதான் படுக்கை. நிழல் கண்ட இடத்தில் வண்டியை ஓரங்கட்டி, ஸ்டவ்வைப் பற்ற வைத்தால் சோறு, ரசம் தயார். 'வெங்காயம் நான் நறுக்கறேன்'னு அவர் உட்கார்ந்தாரே... 14 வருஷமாக வீட்டில் காணாத அதிசயம்!

ஆண்கள் பெட்ரோல் பங்க் குழாயடியிலேயே குளித்து விடுகின்றனர். நமக்கு? பெண்கள் கழிப்பறை பல பங்க்குகளில் பூட்டித்தான் கிடந்தது. அதற்குப் பயந்தே தண்ணீரைக் குறைத்ததில், ஹைதராபாத் தாண்டியதும் நீர்க்கடுப்பில் துடித்து விட்டேன். அப்புறம், கழிப்பறைச் சாவி கைக்கு வந்த பிறகே டீசல் போட்டார் என்னவர்.

திரும்பும்போது ஆரஞ்சு லோடு; கேபினெல்லாம் மணம். அடுத்த நடைக்கும் கூப்பிட்டிருக்கிறார்.

- ஒரு வாசகி, நாமக்கல்.