அசைவூட்டத்தின் வேகத்தைக் கட்டுப்படுத்துதல்

அசைவூட்டத்தில் எந்தப் படமும் உண்மையில் அசைவதில்லை. சிறுசிறு வேறுபாடுகளையுடைய படங்கள் அடுத்தடுத்து விரைந்து தோன்றும்போது, அவற்றைத் தொடர்ச்சியான இயக்கமாக நாம் காண்கிறோம். அப்படங்கள் ஒவ்வொன்றும் சட்டகம் எனப்படும். ஒரு நொடியில் காட்டப்படும் சட்டகங்களின் எண்ணிக்கை சட்டக வீதம் ஆகும்.

ஃபிளாஷ் மென்பொருளின் காலவரிசையில் 48 சட்டகங்கள் உள்ளன எனக் கொள்வோம். நொடிக்கு 24 சட்டகங்கள் என்னும் வீதத்தில் அக்காட்சி 2 நொடிகளில் முடியும். வீதத்தை 12 ஆகக் குறைத்தால் 4 நொடிகள் நீளும். ஆனால், இயக்கம் விட்டுவிட்டுத் தோன்றும்.

சட்டக வீதம் கோப்பு முழுமைக்கும் பொதுவானது. ஒரு காட்சியில் பந்து உருள, பின்னணியில் மேகம் நகர்வதாகக் கொள்வோம். பந்தின் வேகத்தை மட்டும் குறைப்பதற்காக வீதத்தை மாற்றினால், மேகமும் மெதுவாகிவிடும். எனவே, பந்து இடம்பெறும் அடுக்கில், தொடக்க, இறுதி முதன்மைச் சட்டகங்களுக்கு இடையே கூடுதல் சட்டகங்களைச் சேர்த்தல் வேண்டும். அதே தொலைவை 24 சட்டகங்களுக்குப் பதிலாக 48 சட்டகங்களில் கடக்கும் பந்தின் வேகம் பாதியாகும். சட்டகங்களைக் குறைத்தால் வேகம் கூடும்.

ஒலி சேரும்போது கூடுதல் கவனம் தேவை. உரையாடலுக்கு ஏற்ப வாயசைவை அமைத்தபின் வீதத்தை மாற்றினால், ஒலி தன் இயல்பான வேகத்திலேயே ஒலிக்கும். வாயசைவோ அதனின்று விலகிவிடும். பல நாள் உழைப்பும் வீணாகக்கூடும். ஆகவே, முதல் சட்டகத்தை வரையுமுன்னரே சட்டக வீதத்தை முடிவு செய்துகொள்ளுதல் நன்று.