நீதிக்காகப் பரிந்து பேசுவோர்

"பெண் பிள்ளைக்குக் கோர்ட்டும் கச்சேரியும் எதற்கு?" எங்கள் வகுப்பில் சட்டம் படிக்க விரும்பும் மாணவியர் அனைவரும் வீட்டில் ஒரு முறையாவது இக்கேள்வியைக் கேட்டவர்களே. அதற்கு அடுத்தபடியாக வருவது, "குற்றவாளிக்காக வாதாடுவது ஒரு பிழைப்பா?" என்பது. இரண்டாவது கேள்விக்கு விடை தேடப் புறப்பட்ட நாங்கள், வழக்கறிஞர்களைப் போற்றுவதற்கென்றே உலகில் ஒரு பரிசு இருப்பதை அறிந்தோம். அதிலும் ஒரு வியப்பு. அப்பரிசின் முதல் விருதாளர், பரிசு அறிவிக்கப்பட்டபோது சிறையில் ஆயுள் தண்டனைக் கைதியாக இருந்தார்! அவரைப் பற்றியும், அவரைப் போன்ற வேறு சிலரைப் பற்றியும் இக்கட்டுரையில் காண்போம்.

பிரான்சு நாட்டின் போர்தோ நகர வழக்கறிஞர்கள் 1984-ஆம் ஆண்டில் நிறுவியது லுடோவிக் த்ராரியோ பரிசு. மனித உரிமைகளைக் காக்கப் பாடுபடும் வழக்கறிஞருக்கு, அவர் எந்நாட்டவராயினும், அது வழங்கப்படுகிறது. 1985-இல் முதல் பரிசு நெல்சன் மண்டேலாவுக்கு அளிக்கப்பட்டது. அவர் சிறைப்பட்டு அப்போதே இருபத்திரண்டு ஆண்டுகள் கடந்திருந்தன. அவருக்குப் பதிலாக அவருடைய மகள் அதனைப் பெற்றுக்கொண்டார்.

பரிசுக்குப் பெயர் தந்த த்ராரியோ யார்? 1840-இல் பிறந்த இவர் போர்தோவில் வழக்கறிஞராகத் தொழில் செய்து, 1895-இல் பிரான்சின் நீதி அமைச்சராகவும் விளங்கியவர். அக்காலத்தில் ட்ரைஃபஸ் என்ற யூத இராணுவ அதிகாரி, நாட்டின் இரகசியங்களை எதிரிக்கு விற்றார் என்ற பொய்க் குற்றச்சாட்டின் பேரில் தண்டிக்கப்பட்டுப் பேய்த்தீவு என்னும் தனித்தீவில் அடைக்கப்பட்டிருந்தார். நாடே அவரைத் துரோகி என்று தூற்றியது. அவருக்கு அநீதி இழைக்கப்பட்டது என்று உணர்ந்த த்ராரியோ, 1898-இல் மனித உரிமைக் கழகத்தைத் தோற்றுவித்தார். மறு ஆண்டு ரென் நகரில் வழக்கு மீண்டும் விசாரணைக்கு வந்தபோது, ட்ரைஃபஸின் வழக்கறிஞரான லபோரியை ஒருவன் நடுத்தெருவில் முதுகில் சுட்டான். உயிர் பிழைத்த லபோரி சில நாட்களிலேயே மீண்டும் நீதிமன்றம் வந்தார். ட்ரைஃபஸ் குற்றமற்றவர் என்று 1906-இல் இறுதியாகத் தீர்ப்பாயிற்று. அதைக் காண த்ராரியோ உயிரோடு இல்லை. அவர் 1904-இலேயே காலமாகிவிட்டார்.

கொடுங்கோல் அரசின் கீழ் ஒரு வழக்கறிஞர் என்னதான் செய்ய முடியும்? நீதிபதிகளும் அரசின் கைப்பொம்மைகளாக இருந்தால் வாதாடி என்ன பயன்? எங்களுக்கும் இந்த ஐயம் இருந்தது. இதற்குத் தக்க விடையைத் தென் அமெரிக்காவின் சிலி நாட்டில் கண்டோம். 1973 செப்டம்பரில் அங்கு இராணுவம் ஆட்சியைக் கைப்பற்றியது. ஆயிரக்கணக்கானோர் வீட்டிலிருந்தும் வேலையிடத்திலிருந்தும் இழுத்துச் செல்லப்பட்டனர். அவர்களில் பலர் திரும்பவே இல்லை. கர்தினால் ரவுல் சில்வா என்ரிக்கேஸ் 1976-இல் 'ஒருமைப்பாட்டுப் பணியகம்' என்ற அமைப்பைத் தலைநகர் சந்தியாகோவில் தொடங்கினார். தாய்மார்கள் அங்கு வந்து, "என் மகனைக் காணோம்" என்று சொல்வார்கள். வழக்கறிஞர்கள் அதைக் கேட்டெழுதி, "இவரை எங்கே வைத்திருக்கிறீர்கள்? நீதிமன்றத்தின் முன் கொண்டு வாருங்கள்" என்று ஆட்கொணர்வு மனு போடுவார்கள். அந்த ஆட்சிக் காலத்தில் இவ்வாறு போடப்பட்ட மனுக்கள் ஆயிரக்கணக்கானவை. அவற்றில் நீதிமன்றங்கள் ஏற்றுக்கொண்டவை மிகச் சொற்பம். அவ்வளவும் வீண் முயற்சிதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால், மக்களாட்சி திரும்பிய பின் 1990-இல் உண்மை அறியும் குழு அமைக்கப்பட்டபோது, காணாமற்போனவர் யார், எந்த நாளில், யார் கண்ணெதிரே பிடிக்கப்பட்டார் என்பதற்கெல்லாம் அந்தத் தோற்ற மனுக்களே சாட்சி கூறின. அப்பணியகத்துக்கு ஐக்கிய நாடுகள் சபை 1978-ஆம் ஆண்டிலேயே மனித உரிமைப் பரிசு வழங்கியிருந்தது.

நம் கோவலனுக்கும் விசாரணை இல்லை, அவனுக்காகப் பேச ஆளும் இல்லை. கண்ணகி சிலம்போடு அவைக்கு வந்தபோது உயிர் போயிருந்தது. அத்தனை சிறந்த வாதம் ஒரு நாள் முந்தியிருக்கலாகாதா என்று சிலப்பதிகார வகுப்பில் நாங்கள் ஏங்கியதுண்டு.

இனி தென்னாப்பிரிக்காவுக்குச் செல்வோம். 1952-இல் மண்டேலாவும் அவருடைய நண்பர் ஆலிவர் டாம்போவும் ஜோஹன்னஸ்பர்க் நகரில் நீதிமன்றத்துக்கு அருகில் 'சான்ஸலர் ஹவுஸ்' என்ற கட்டடத்தில் அலுவலகம் திறந்தனர். கறுப்பர்களுக்கு நகரில் இடம் தருவோர் அரிதாயிருந்த நாளில், இந்தியர்களுக்குச் சொந்தமான கட்டடம் அது. நாள்தோறும் காலையில் படிக்கட்டு வரை மக்கள் நிறைந்திருப்பார்களாம். அவர்கள் செய்த குற்றங்கள் என்னென்ன? வெள்ளையர் வாயில் வழியே நுழைந்தது ஒரு குற்றம். வெள்ளையர் பேருந்தில் ஏறியது ஒரு குற்றம். அனுமதிச் சீட்டைக் கையில் வைத்திராததும் குற்றம். இப்படிச் சட்டமே அநீதியாக இருக்கும் நாட்டில் 'குற்றவாளி' என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று, வீட்டில் கேள்வி கேட்கும் பெரியவர்களை நாங்கள் பணிவோடு கேட்க விரும்புகிறோம்.

மண்டேலாவின் கதையை எல்லோரும் அறிவர். அவருக்காக வாதாடியவரை அறிந்தவர் குறைவு. அவர் பெயர் பிராம் ஃபிஷர். கறுப்பர் அல்லர், வெள்ளையர். அதிலும் ஆட்சியிலிருந்த ஆஃப்ரிக்கானர் இனத்தின் பெருங்குடியில் பிறந்தவர். பாட்டனார் ஒரு மாநிலத்தின் முதன்மை அமைச்சர். தந்தையார் நீதிபதி. தாமும் ஆக்ஸ்போர்டில் பயின்றவர். சும்மா இருந்திருந்தால் நாட்டின் தலைமை நீதிபதியாகவே ஆகியிருப்பார் என்று பலர் சொல்வார்கள். அவர் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்தவர். அக்கொள்கை முழுவதும் நமக்கு உடன்பாடாக இருக்க வேண்டியதில்லை. அவருடைய துணிவைப் போற்ற அது தடையாகாது என்பது எங்கள் எண்ணம்.

1963-இல் தொடங்கிய ரிவோனியா வழக்கில் மண்டேலாவும் தோழர்களும் தூக்குக் கயிற்றை எதிர்நோக்கி நின்றனர். எதிர்வாதக் குழுவுக்குத் தலைமை ஏற்றவர் ஃபிஷர். இதில் அவருக்கு இருந்த ஆபத்து வேறு எந்த வழக்கறிஞருக்கும் இருந்திராது. காவல்துறையினர் கைப்பற்றிய பண்ணை வீட்டுக்கு அவரும் முன்னர் சென்று வந்தவர். அங்கே அகப்பட்ட தாள்களில் அவருடைய கையெழுத்தில் இருந்தவையும் உண்டு. சாட்சிக் கூண்டில் ஏறும் பண்ணையாட்களில் எவரேனும் அவரைச் சுட்டிக் காட்டினால், வழக்கறிஞர் அந்த நொடியே கைதியாகிவிடுவார். அதை அறிந்தே அவர் அங்கியை அணிந்தார். 1964 ஜூன் 12-ஆம் நாள் எட்டுப் பேருக்கு ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. ஒருவர்கூடத் தூக்கிலிடப்படவில்லை.

மறுநாளே பேரிடி விழுந்தது. மகளின் பிறந்தநாளுக்காகக் கணவனும் மனைவியும் கேப் டவுன் நோக்கிக் காரில் சென்றபோது கார் ஆற்றில் பாய்ந்தது. மனைவி மோலி நீரில் மூழ்கி இறந்தார். சில நாட்கள் கழித்து, மேல்முறையீடு பற்றிக் கேட்டறிய ஃபிஷர் ராபன் தீவுச் சிறைக்குச் சென்றார். பேச்சின் முடிவில் மண்டேலா, "மோலி நலமா?" என்று கேட்டார். ஃபிஷர் சட்டென்று திரும்பி அப்பால் நடந்துவிட்டார். சற்று நேரத்தில் மீண்டும் வந்து, விட்ட இடத்திலிருந்து வழக்கைப் பற்றியே பேசினார். கேட்டதற்குப் பதில் சொல்லவில்லை. அவர் போன பிறகு சிறை அதிகாரி ஒருவர் சொல்லித்தான் மண்டேலாவுக்குச் செய்தி தெரிந்தது. சிறையிலிருப்போரின் பாரத்தோடு தம் துயரையும் ஏற்ற அவர் விரும்பவில்லை போலும். இந்த இடத்தை வகுப்பில் வாசித்தபோது எங்களில் பலர் கண் கலங்கினோம்.

பிறகு அவரும் கைது செய்யப்பட்டார். பிணையில் இருந்தபோது 1965-இல் தலைமறைவானார். உடனே அவருடைய சக வழக்கறிஞர்களே, அவர் பெயரை வழக்கறிஞர் பட்டியலிலிருந்து நீக்கும்படி நீதிமன்றத்தை நாடினர். பெயர் நீக்கப்பட்டது. பிடிபட்டு ஆயுள் தண்டனை பெற்றதைவிட அவரை அதிகம் வருத்தியது அதுதான் என்பர். சிறையில் புற்றுநோய் கண்டு, இறுதி வாரங்களில் மட்டும் சகோதரர் வீட்டில் இருக்க விடப்பட்டு, 1975 மே 8-இல் உயிர்நீத்தார். அவருடைய சாம்பலைக்கூடச் சிறைத்துறை எடுத்துக்கொண்டது. ஆனால் 2003-ஆம் ஆண்டு, ஜோஹன்னஸ்பர்க் உயர்நீதிமன்றம் அவர் பெயரை மீண்டும் அதே பட்டியலில் சேர்த்தது. நாம் அறிந்த விருதுகளுள் பதக்கமும் பணமும் இல்லாத இதுவே மிகப் பெரிது என்று எங்களுக்குப் படுகிறது. இருபத்தெட்டு ஆண்டுகளுக்கு முன் இறந்த ஒருவர் மீண்டும் வழக்கறிஞர் ஆனார்!

எங்கள் அருட்சகோதரியர் மிகவும் விரும்பிக் கேட்டது மெக்சிகோ நாட்டு டிக்னா ஓச்சோவாவின் வரலாறு. சர்க்கரை ஆலைத் தொழிலாளியின் மகளாக 1964-இல் பிறந்தவர். சட்டம் படித்தபின் தொமினிக்கன் சபையில் சேர்ந்து சில ஆண்டுகள் துறவறப் பயிற்சியில் இருந்தார். ஆனால் இறுதி வார்த்தைப்பாடு கொடுக்கவில்லை. நீதிமன்றமே தமது பணித்தளம் என்று தெளிந்தார். இயேசு சபையினர் நிறுவிய மனித உரிமை மையத்தில் பணியாற்றினார். காட்டு மரங்கள் வெட்டப்படுவதை எதிர்த்ததால் இராணுவத்தினரால் பிடிக்கப்பட்டுச் சித்திரவதை செய்யப்பட்ட மொன்தியேல், கப்ரேரா என்ற இரு விவசாயிகளுக்காக அவர் வாதாடினார். மிரட்டல் கடிதங்கள் வந்தன. 1999-இல் ஓர் இரவு வீட்டுக்குள் புகுந்தவர்கள் அவரைக் கட்டிப்போட்டு, அருகில் எரிவாயு உருளையைத் திறந்துவிட்டுப் போயினர். எப்படியோ தப்பினார். சிறிது காலம் அமெரிக்காவில் தங்கியிருந்தார். அங்கு 2000-ஆம் ஆண்டு ஆம்னஸ்டி அமைப்பு அவரைப் பாராட்டி விருதளித்தது. தாயகம் திரும்பினார். 2001 அக்டோபர் 19-ஆம் நாள் தம் அலுவலகத்தில் துப்பாக்கிக் குண்டுகளுக்குப் பலியானார். அப்போது அவருக்கு வயது முப்பத்தேழு. மூன்று வாரங்களுக்குள் அவ்விரு விவசாயிகளும் விடுதலையாயினர்.

விருது கவசமாகாது என்பது இதனால் தெரிகிறது. பாராட்டுப் பத்திரத்தைப் பார்த்துக் கொலையாளி தயங்குவதில்லை. 2003-இல் த்ராரியோ பரிசு டிக்னாவுக்கு, இறந்த பின்னர், வழங்கப்பட்டது. அதே ஆண்டில் அரசு விசாரணையோ அவர் தற்கொலை செய்துகொண்டார் என்று முடிவு கூறியது! குடும்பத்தார் விடவில்லை. வழக்கு அமெரிக்க நாடுகளின் மனித உரிமை நீதிமன்றம் வரை சென்றது. 2021 நவம்பரில் மெக்சிகோ அரசின் பொறுப்பை உறுதி செய்து தீர்ப்பு வந்தது. மீண்டும் முறையாக விசாரிக்க வேண்டும், அவர் பெயரால் மனித உரிமை விருது ஒன்று ஏற்படுத்த வேண்டும், ஒரு தெருவுக்கு அவர் பெயர் சூட்ட வேண்டும் என்றெல்லாம் அத்தீர்ப்பு கூறியது. ஸ்பானிய மொழியில் டிக்னா என்றால் 'மாண்புடையவள்' என்று பொருள்.

ஈரான் நாட்டு நஸ்ரீன் சொதூதேயைப் பற்றியும் ஒரு சொல். 2012-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் அவருக்கு சகரோவ் பரிசை அறிவித்தபோது அவர் சிறையில் உண்ணாநோன்பு இருந்தார். எதற்காக? தம் விடுதலைக்காக அன்று. பன்னிரண்டு வயது மகள் வெளிநாடு செல்லக்கூடாதென்று அரசு விதித்த தடையை நீக்குவதற்காக! நாற்பத்தொன்பது நாட்களுக்குப் பின் தடை நீங்கியது.

கட்சிக்காரரின் கொள்கையை வழக்கறிஞரின் கொள்கையாகக் கருதக்கூடாது என்று 1990-இல் ஹவானாவில் கூடிய ஐக்கிய நாடுகள் மாநாடு வகுத்த நெறிகள் கூறுகின்றன. வீட்டில் கேட்கப்படும் இரண்டாவது கேள்விக்கு நாங்கள் எழுதி வைத்திருக்கும் பதில் இதுவே. முதல் கேள்விக்கு டிக்னாவும் நஸ்ரீனும் பதில் சொல்லட்டும்.

1977 ஜனவரி 24-ஆம் நாள் இரவு, மாட்ரிட் நகரின் அத்தோச்சாத் தெருவில், தொழிலாளர் வழக்கறிஞர்களின் அலுவலகத்தில் புகுந்த கொலைஞர்கள் ஐவரைச் சுட்டுக் கொன்றனர். அதன் நினைவாக 2010 முதல் அந்நாள் 'ஆபத்திலுள்ள வழக்கறிஞர் தினம்' என்று கடைப்பிடிக்கப்படுகிறது. ஆண்டுதோறும் ஒரு நாட்டைக் குறித்துக்கொண்டு, பல நகரங்களில் வழக்கறிஞர்கள் கறுப்பு அங்கியோடு அந்நாட்டுத் தூதரகத்தின் முன் சென்று நிற்கிறார்கள். நம் நாட்டில் 2008 முதல் அதே ஜனவரி 24 தேசியப் பெண் குழந்தைகள் தினம். அன்றைய காலைக் கூட்டத்தில் டிக்னாவின் வரலாற்றைச் சொல்ல எங்கள் வகுப்புக்குத் தலைமைச் சகோதரி பத்து நிமிடம் அனுமதித்திருக்கிறார்கள். பெற்றோரும் வரலாம்.