பிரதிநிதிகள் சபையும் மூதவையும்: ஒரு வேறுபாட்டின் சமூக அடிப்படை

சட்டவாக்க மன்றம் ஓரவையாக அமைவதா, ஈரவையாக அமைவதா என்ற வினாவை நமது குடியியற் பாடநூல்கள் பெரும்பாலும் நன்மை தீமைப் பட்டியலாகவே விளக்கி வந்துள்ளன. கீழவை மக்களின் உணர்ச்சியைப் பிரதிபலிப்பது, மேலவை நிதானத்தைப் பேணுவது. கீழவை அவசரப்படும், மேலவை ஆறப்போடும். இவ்விளக்கம் பிழையானதன்று, போதாதது. யாருடைய அவசரம், யாருடைய நிதானம் என்ற வினா அதில் எழுவதில்லை. இலங்கையில் 1947 முதல் 1971 வரை நிலவிய இரு அவைகளை முன்வைத்து அவ்வினாவை எழுப்புவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

எமது தலைமுறையினர் 'மூதவை' என்ற சொல்லைப் பரீட்சைத் தாளிலன்றி வேறெங்கும் சந்தித்திலர். இலத்தீன் மூலச்சொல் முதுமையைக் குறிப்பது. தமிழாக்கம் செய்தோர் அப்பொருளைக் கவனமாகப் பேணினர். ஆயின் பழந்தமிழ் நூல்களில் 'அவை' என்பது சான்றோர் கூடும் இடம் என்ற மதிப்போடு வழங்கி வந்தமையால், மூலத்தில் இல்லாத ஒரு புனிதமும் மொழிபெயர்ப்பிற் சேர்ந்துகொண்டது. 'பிரதிநிதிகள் சபை' என்பதோ வெறும் நிருவாகச் சொல். ஒரு நிறுவனம் என்ன செய்தது என்று ஆராயுமுன்னரே சொல் அதற்குத் தராதரம் வழங்கிவிடுகிறது என்பதை இலக்கிய மாணவர் கவனித்தல் நன்று.

1931ஆம் ஆண்டு டொனமூர் அரசியற்றிட்டத்தின்கீழ் இலங்கையருக்குச் சர்வசன வாக்குரிமை கிடைத்தபோது ஓரவையே இருந்தது. அது அரசாங்க சபை. சொத்தும் கல்வியும் இல்லாதவருக்கு வாக்குரிமை வழங்குவதைச் சிங்கள, தமிழ் உயர்குழாத்தினர் பலர் எதிர்த்தனர் என்பதும், சேர் பொன்னம்பலம் இராமநாதன் அவ்வெதிர்ப்பின் முன்னணியில் நின்றார் என்பதும் நாம் மறந்துவிட விரும்பும் உண்மைகள். வாக்குரிமையைத் திரும்பப் பெற முடியாது. அதன் விளைவை மட்டுப்படுத்தலாம். 1945இல் வெளியான சோல்பரி ஆணைக்குழுவின் அறிக்கை இரண்டாம் அவையொன்றைப் பரிந்துரைத்தது. தேர்தற் களத்தில் இறங்க விரும்பாத தகைமையாளருக்கு இடமளித்தல், சிறுபான்மையினருக்குப் பாதுகாப்பளித்தல் ஆகியன அதற்குக் கூறப்பட்ட நியாயங்களுட் சேர்ந்தவை. முதலாவது நியாயம் நிறைவேறியது. இரண்டாவது என்னவாயிற்று என்பதைப் பின்னர் நோக்குவோம்.

இரு அவைகளுக்கும் இடையிலான அடிப்படை வேறுபாடு அதிகாரத்திலன்று, பிறப்பிலேயே இருந்தது. பிரதிநிதிகள் சபையின் 101 உறுப்பினருள் 95 பேர் மக்களால் நேரடியாகத் தெரிவு செய்யப்பட்டனர். அறுவர் நியமனம் பெற்றனர். (1960ஆம் ஆண்டுத் தேர்தலோடு மொத்தத் தொகை 157 ஆயிற்று.) மூதவையின் 30 பேரில் ஒருவர்கூட மக்களின் வாக்கைப் பெற்றவரல்லர். 15 பேரைப் பிரதிநிதிகள் சபை விகிதாசார முறையிலே தெரிந்தது. எஞ்சிய 15 பேரைப் பிரதமரின் ஆலோசனைப்படி மகாதேசாதிபதி நியமித்தார். பதவிக்காலம் ஆறு ஆண்டுகள். இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை மூன்றிலொரு பங்கினர் ஓய்வு பெற்றனர்.

இந்த ஏற்பாட்டைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்க்கலாம். 1947ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி 95 இடங்களில் 42ஐ மட்டுமே வென்றது. சபையிலே ஏறத்தாழ அரைவாசிப் பலமுடைய ஓர் அரசாங்கம், விகிதாசார முறைப்படி 15 மூதவை இடங்களில் ஏழையோ எட்டையோ பெறும். அவற்றோடு பிரதமரின் 15 நியமனங்களையும் கூட்டினால் 30இல் 22 அல்லது 23 கைக்கு வந்துவிடும். கீழவையிற் சுயேச்சைகளையும் நியமன உறுப்பினரையும் தேடிச் சேர்க்க வேண்டியிருந்த கட்சி, மேலவையில் மூன்றிலிரண்டு பெரும்பான்மையைத் தேடாமலே பெறக்கூடியதாயிருந்தது. கீழவையைக் கட்டுப்படுத்த வேண்டிய அவை கீழவையின் பெரும்பான்மையைப் பெருக்கிக் காட்டும் கண்ணாடியாகவே வடிவமைக்கப்பட்டிருந்தது.

அதிகாரத்தைப் பொறுத்தவரை அதிகம் சொல்வதற்கில்லை. நிதிச் சட்டமூலம் மூதவையில் தொடங்க முடியாது; அதனை ஒரு மாதத்துக்கு மேல் தாமதிக்கவும் முடியாது. ஏனைய சட்டமூலங்களைப் பிரதிநிதிகள் சபை அடுத்தடுத்த இரு கூட்டத்தொடர்களில் நிறைவேற்றின் மூதவையின் மறுப்புச் செல்லாது. 1911ஆம் ஆண்டுப் பாராளுமன்றச் சட்டத்தின் மூலம் பிரித்தானியப் பிரபுக்கள் சபையின் தடையதிகாரம் ஒடுக்கப்பட்டது. ஒடுங்கிய அந்த வடிவமே இங்கு இறக்குமதியாயிற்று. பிரபுக்கள் மட்டும் உள்ளூர் உற்பத்தி.

எனினும் ஒரு விதி கவனத்துக்குரியது. அமைச்சருள் குறைந்தது இருவர் மூதவையைச் சேர்ந்தவராக இருத்தல் வேண்டும். அவருள் ஒருவர் நீதி அமைச்சர். வாக்காளரை ஒருபோதும் சந்தியாத ஒருவரே நீதித் துறைக்குப் பொறுப்பாக இருக்க வேண்டும் என்பது யாப்பின் எதிர்பார்ப்பு. மூதவை அமைச்சரவைக்கு ஒரு பக்க வாயிலாயிற்று. 1960 யூலைத் தேர்தலிற் போட்டியிடாத சிறிமாவோ பண்டாரநாயக்க பிரதமராகி, ஓகஸ்ட் மாதம் மூதவை உறுப்பினரானார். உலகின் முதலாவது பெண் பிரதமர் ஏறத்தாழ ஐந்து ஆண்டுகள் மக்கள் வாக்கில்லாத அவையின் ஆசனத்திலிருந்தே ஆட்சி செய்தார். ஆயின் 1964 டிசம்பரில் அவருடைய அரசாங்கத்தைக் கவிழ்த்தது பிரதிநிதிகள் சபையில் ஒரேயொரு வாக்கு. மூதவையில் அவருக்கிருந்த ஆசனம் அந்த ஒரு வாக்குக்கு ஈடாகவில்லை. அதிகாரம் எந்தக் கட்டடத்தில் இருந்தது என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

1965இல் தமிழரசுக் கட்சி டட்லி சேனாநாயக்கவின் அரசாங்கத்தில் இணைந்தபோதும் இதே வாயில் பயன்பட்டது. மக்கள் தெரிந்த தன் உறுப்பினர் எவரையும் அமைச்சராக்காது, மு. திருச்செல்வத்தை மூதவை வழியாக உள்ளூராட்சி அமைச்சராக்கியது அக்கட்சி. அரசாங்கத்தில் இருந்தும் இராத நிலை அதற்கு அன்று தேவைப்பட்டது. மாவட்ட சபைத் திட்டம் கைவிடப்பட்ட 1968ஆம் ஆண்டிலேயே அவரும் பதவி துறந்தார்.

நியாயமாக ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். மூதவை முழுவதும் பிரமுகர்களின் ஓய்வறையாக இருந்ததில்லை. வழக்கறிஞர் சோ. நடேசனின் குரலும், பல்கலைக்கழக ஆங்கில விரிவுரையாளரும் சமசமாஜியுமான டொரிக் டி சூசாவின் குரலும் அங்கே ஒலித்தன. அக்குரல்கள் பதிவேட்டில் இடம்பெற்றன. வாக்கெடுப்பை அவை மாற்றவில்லை.

இனிச் சிறுபான்மைப் பாதுகாப்பு என்ற நியாயத்துக்கு வருவோம். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரசாவுரிமைச் சட்டம் மலையகத் தோட்டத் தொழிலாளரின் பெரும்பகுதியினரை நாடற்றவராக்கியது. 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கத் தேர்தல் திருத்தச் சட்டம் அவர்களின் வாக்கைப் பறித்தது. 1947இல் இலங்கை இந்தியக் காங்கிரசின் எழுவர் பிரதிநிதிகள் சபையில் அமர்ந்தனர். 1952இல் ஒருவரும் இலர். இச்சட்டமூலங்களை எதிர்த்துக் கீழவையில் வாக்களித்தோருள் இடதுசாரிகள் முக்கியமானவர்கள். பாதுகாப்புக்கென அமைந்த மூதவையோ அவற்றை நிறைவேற்றி அனுப்பியது. யாப்பின் 29(2)ஆம் பிரிவைச் சுட்டி வழக்காடியபோது 1953இல் கோமறைக் கழகமும் கைவிட்டது. 1956 யூனில் தனிச் சிங்களச் சட்டமூலம் கீழவையைக் கடந்தது. யூலை 7இல் அது சட்டமாயிற்று. அன்றைய மூதவையினருட் பெரும்பாலானோர் முந்திய ஐக்கிய தேசியக் கட்சி ஆட்சிக் காலங்களில் இடம்பெற்றவர்கள். புதிய அரசாங்கத்தைத் தாமதப்படுத்தும் வாய்ப்பு அவர்களுக்கு இருந்தது. ஆயின் அக்கட்சியே 1956 பெப்ரவரியிற் களனி மாநாட்டிலே தனிச் சிங்களத்துக்கு மாறிவிட்டிருந்தது. இரு அவைகளும் இரு கட்டடங்களில் இருந்தன, ஒன்று காலிமுகத்திடலில், மற்றையது கோட்டையின் பழைய சட்டசபைக் கட்டடத்தில். இரண்டிலும் அமர்ந்த வர்க்கம் ஒன்றே.

அமெரிக்க மூதவையோடு ஒப்பிட்டால் இது தெளிவாகும். அங்கே சனத்தொகை எதுவாயினும் மாநிலத்துக்கு இருவர். அதனால் விளையும் அநீதிகள் பல. எனினும் அவ்வவை கீழவையிலிருந்து வேறான ஓர் அடித்தளத்தில் நிற்கிறது. இலங்கை மூதவைக்கு அத்தகைய தளம் எதுவுமில்லை. யாழ்ப்பாணமோ மட்டக்களப்போ நுவரெலியாவோ பிரதேசம் என்ற வகையில் அங்கு அனுப்பியவர் எவருமில்லை.

1970இல் ஆட்சிக்கு வந்த ஐக்கிய முன்னணி மூதவையை ஒழிக்க முற்பட்டது இயல்பே. 1971ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கச் சட்டத்தின் மூலம் ஒக்ரோபர் 2இல் அது மறைந்தது. அழுதவர் மிகச் சிலர். இடதுசாரிகளின் நீண்டநாட் கோரிக்கை அது, அக்கோரிக்கை சரியானதே. ஆயின் கலாநிதி கொல்வின் ஆர். டி சில்வா முன்னின்று ஆக்கிய 1972ஆம் ஆண்டு யாப்பு, ஓரவையான தேசிய அரசுப் பேரவையிடம் அதிகாரம் அனைத்தையும் குவித்தபோது 29(2)ஆம் பிரிவையும் கைவிட்டது. சிங்களத்தை அரசகரும மொழியாக யாப்பிலேயே பொறித்தது. பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கியது. 1956இல் தனிச் சிங்களத்தை எதிர்த்து வாக்களித்த கட்சிகளே இதனைச் செய்தன. மூதவை நீடித்திருந்தால் இது தடுக்கப்பட்டிருக்கும் என்று வாதிடுவது வரலாற்றை அறியாமை. இடதுசாரிகளின் தவறு வேறிடத்தில் உள்ளது. சலுகை பெற்றோரின் அவையை அகற்றியதும், எண்ணிக்கையிற் சிறுத்த மக்களின் குரல் எங்கே நிலைபெறும் என்ற வினாவும் அகன்றுவிட்டதாக அவர்கள் கருதினர். மார்க்சியர் என்ற வகையில் எமக்கு இது கசப்பானதே. ஆயினும் அந்தக் கணக்கு எம்முடையது.

அவ்வினா மீண்டும் யாப்பு வரைவுகளிலே தலைகாட்டியது. 2017 செப்ரெம்பரில் வெளியான வழிநடத்தற் குழுவின் இடைக்கால அறிக்கை 55 பேர் கொண்ட இரண்டாம் அவையொன்றை முன்மொழிந்தது: ஒன்பது மாகாண சபைகளிலிருந்து ஐவர் வீதம் 45 பேர், பாராளுமன்றம் தெரிவு செய்யும் 10 பேர். 1947இன் மூதவைக்கு இல்லாத அடித்தளம் இம்முன்மொழிவில் எண்ணப்பட்டிருந்தது. வரைவு கிடப்பிற் போடப்பட்டது. 2019 முடிவதற்குள் ஒன்பது மாகாண சபைகளின் பதவிக்காலமும் தேர்தலின்றியே முடிவடைந்தது.